மிஷின் அத்தையின் நாடாக் கட்டு

“படிக்க ஆளே இல்லாத ஒண்ணை எழுத்துன்னு எப்படிம்மா சொல்லுவே?”

புதுக்கோட்டையில் நான் முதுகலை படிக்கும் கல்லூரியில், ஆய்வேட்டுக்குத் தலைப்பு சொல்லும் நாளன்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டது இது. பெண்களின் தையல் வேலைக்கும் பெண்களின் எழுத்துக்கும் உள்ள உறவு என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். பேனா கைக்கு வராத காலத்தில் பெண்களுக்கு ஊசிதான் பேனாவாக இருந்தது, பல நாடுகளில் சிறுமிகள் முதல் எழுத்தையே துணியில்தான் போட்டார்கள், அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் வாயால் சொல்ல முடியாததைத் தங்கள் உடுப்பிலேயே தைத்து வைத்தார்கள் என்றெல்லாம் படித்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நம் வீடுகளில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ‘நல்வரவு’ பூத்தையலில் கிளி இருக்கும், ரோஜா இருக்கும், தைத்தவள் பெயர் இருக்காது என்றும் சொன்னேன். அவர் கேலியாகக் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் ஒரு கட்டு பாவாடை நாடா. அதை எடுத்து மேசையில் பரப்பியிருந்தால் பதில் கிடைத்திருக்கும். நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்கு முன்னால், அந்த நாடாக்களில் தைத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரும் யார் பெயரையும் எழுதாதவர். கந்தர்வக்கோட்டை போகும் ரோட்டில் முந்திரிக் காட்டை ஒட்டி இருக்கும் எங்கள் ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்வீடு அவருடையது. ஊரில் முதலில் தையல் மிஷின் வாங்கியவர் என்பதால் பெரியவர்களுக்கு அவர் மிஷின்காரி. எங்களைப் போன்றவர்களுக்கு மிஷின் அத்தை.

அவரை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது உதடு. இரண்டு உதடுகளுக்கும் நடுவே எப்போதும் மூன்று நான்கு குண்டூசிகள் இருக்கும். மிஷினில் உட்கார்ந்திருந்தாலும் சரி, காஜா எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. கேட்டதற்கெல்லாம் ‘ம்’ என்று ஒரு பதில். ஊசியை வாயில் வைத்திருப்பதே பதில் சொல்லாமல் இருக்கத்தான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

“ஏக்கா, மேலத்தெருப் புது மருமக ஒங்ககிட்டதான ஜாக்கெட்டப் பிரிச்சு விடக் குடுத்தா? மாசமா இருக்காளாமே?”

“ம்.”

“அது ஆமாங்கிற ம்மா, இல்லங்கிற ம்மா?”

“ம்.”

கேட்டவளே சிரித்துவிடுவாள். “இந்தப் பொம்பளகிட்டப் பேசுறதுக்கு அந்த மிஷின்கிட்டப் பேசலாம். அதாச்சும் கடகடன்னு நாலு வார்த்த சொல்லும்.”

ஆனால் இதற்காகத்தான் ஊர்ப் பெண்கள் அவரிடம் போனார்கள். உள்ளறையில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருப்பார். அதற்குப் பின்னால் வைத்துத்தான் அளவு எடுப்பார். அங்கே அவர் எதைப் பார்த்தாலும் அது திரையைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

அவர் உதட்டிலிருந்து ஊசிகளை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டு பேசியதை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்பா கைநாட்டு, அம்மா கைநாட்டு. அக்கா ஆறாவதோடு நின்று அம்மாவுடன் முந்திரி உடைக்கப் போனாள். தெருவில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் நிரப்பித் தருகிறவள் நான். அந்தப் பெருமையில் ஒருநாள், பரிசாகக் கிடைத்த நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அவரிடம் அளவு நோட்டு கிடையாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பாவாடை நாடாவை வெட்டி வைத்துக்கொள்வார். இடுப்பு இவ்வளவு, மார்பு இவ்வளவு, கை நீளம் இவ்வளவு என்று அந்தந்த இடத்தில் நீல நூலால் ஒரு முடிச்சுத் தையல். யாருடைய நாடா என்று தெரிய ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம். இது எனக்கு அறியாமையாகப் பட்டது.

“அத்தை, இதுல பேரு போட்டு, தேதி போட்டு வரிசையா எழுதி வச்சுக்கங்க. நானே எழுதித் தாரேன்.”

அவர் மிதிப்பதை நிறுத்தினார். ஊசிகளை எடுத்துத் தோளில் குத்தினார்.

“நானும் மூணாப்பு படிச்சவதான் தாயி. நோட்டுதான் வச்சிருந்தேன். எம்புருசன் அதத் தூக்கிட்டுப் போயி டீக்கடையில ஒக்காந்து படிச்சுக் காமிச்சிட்டான். இன்னாரு பொண்டாட்டிக்கு நெஞ்சு இவ்வளவு, இன்னாரு தங்கச்சிக்கு இடுப்பு இவ்வளவுன்னு. ஆறு மாசம் ஒருத்தி என் வாசல மிதிக்கல. நோட்ட அடுப்புல வச்சேன்.”

கொண்டுபோன நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் லேசாகச் சிரித்தார்.

“நாடான்னா எவனும் தொட மாட்டான். பாவாட நாடான்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவான். நீ நோட்டுல ஒம் பாடத்த எழுது போ.”

ஊசிகள் மறுபடியும் உதட்டுக்குப் போயின. படிக்காதவர்களின் பயம் இது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம். பக்கத்து ஊர்தான், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. கனகாம்பரம் என்றால் அக்காவுக்கு உயிர். கல்யாண ஜாக்கெட்டை அந்த நிறத்தில்தான் எடுத்தாள். மிஷின் அத்தைதான் தைத்தார், சின்னக் கை வைத்து. தீபாவளிக்கு வந்தபோது கை முழங்கை வரை வந்திருந்தது. பொங்கலுக்கு வந்தபோது முழங்கைக்கும் கீழே இறங்கியிருந்தது.

“என்னக்கா, ஹெட்மாஸ்டரம்மா ஆயிட்டியா?” என்று கேட்டேன்.

“ஃபேஷன்டி. டவுன்ல எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்க. புஸ்தகத்தையே பாத்துக்கிட்டிருந்தா ஒனக்கு என்ன தெரியும்?” என்று என் தலையில் தட்டினாள். தட்டும்போது கையை முழுசாகத் தூக்கவில்லை. இது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

மாசி மாதம் அக்கா இறந்தாள். குளத்துக்குக் குளிக்கப் போனவள் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். போலீஸ் காகிதத்திலும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். அம்மாவுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டியவள் நான். கைநாட்டு எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டியவளும் நான்தான். வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மிஷின் அத்தை வந்தார். அழுகிறவர்கள் கூட்டத்தில் உட்காரவில்லை. நேராக அடுப்படிக்கு, அம்மாவிடம் போனார். ஒரு மஞ்சள் ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தார்.

“அவ தைக்கக் குடுத்தது. முடிச்சிட்டேன்.”

அம்மா அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். அத்தை அங்கேயே நின்றார். உதட்டிலிருந்து ஊசிகளை எடுத்தார். அது நான் பார்த்த இரண்டாவது முறை.

“ஒன்னு சொல்லணும்த்தா” என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். அதே நேரம் அக்கா புருஷன் வாசற்படியில் வந்து நின்றான். “அத்தை, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று அம்மாவைக் கேட்டான். மொட்டையடித்த தலையோடு, கண் சிவந்து, பார்க்கப் பாவமாகத்தான் இருந்தான். அம்மா சொம்பை எடுக்க எழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது மிஷின் அத்தையின் உதட்டில் ஊசிகள் இருந்தன.

அன்று மத்தியானம் எனக்குச் செய்முறைத் தேர்வு. பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் வீட்டைத் தாண்டித்தான் போனேன். வாசலில் நின்றிருந்தார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

அதன்பின் அவர் எனக்கு எத்தனையோ சுடிதார் தைத்துக் கொடுத்தார். கல்லூரி விழாவுக்குப் பாவாடை சட்டை தைத்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பார் என்று தோன்றும். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன ஆடியில் சர்க்கரை வியாதி முற்றி இறந்துபோனார்.

அவருடைய மருமகள் கலகலப்பானவள். வீட்டை ஒழித்துப் போட்டபோது ஒரு தகர டிரங்கு நிறைய நாடா கிடைத்தது. அவளுக்கு அது நாடா, அவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தாள்.

“பத்து வருசத்துக்கு நம்ம தெருவுல ஒரு பாவாடையும் அவுந்து விழாது. எங்க மாமியா புண்ணியம்” என்று எங்கள் வீட்டிலும் ஒரு பிடி வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றை எடுத்து, ஊக்கில் மாட்டி, என் பாவாடையில் கோர்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் நாடா சிக்கியது. இழுத்தேன், வரவில்லை. தடவிப் பார்த்தால் உள்ளே மொடுமொடு என்று ஏதோ தட்டுப்பட்டது. உருவி எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன்.

ஓரத்தில் ஒரு முந்திரிக்கொட்டை, பழுப்பு நூலில், என் சின்ன விரல் நகத்தைவிடச் சிறியது. அது அம்மாவின் நாடா. நீல முடிச்சுகள் எனக்குத் தெரிந்தவை, அளவுகள். ஆனால் நாடாவின் விளிம்பை ஒட்டி வேறு நூல்கள் இருந்தன. மூன்று பச்சைத் தையல்கள். முதலாவதும் மூன்றாவதும் சும்மா இருந்தன. நடுவில் இருந்ததன் குறுக்கே கறுப்பு நூல் போயிருந்தது. அம்மாவுக்கு அக்காவும் நானும் இரண்டு பேர்தான்.

அம்மா முற்றத்தில் கையில் ஏறிய முந்திரிக் கறையை விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, அக்காவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு பிள்ளை தங்கலையா?”

அவள் கை நின்றது.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலம்மா.”

“ஒங்கப்பனுக்கே தெரியாது. நாள் தள்ளியிருக்குன்னு நானே நம்பறதுக்குள்ள போயிருச்சு. மறுநா வேலைக்குப் போயிட்டேன்.” இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டாள். “மிஷின்காரிக்கு மட்டும்தான் தெரியும். ஜாக்கெட்டு தளர்ந்துபோச்சேன்னு கேட்டா. அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன்.”

நாடாவை அவள் மடியில் வைத்தேன். அந்தக் கறுப்பு நூலை அவள் வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எழுத்துத் தெரியாதவள் என்று இருபத்திரண்டு வருடமாக நான் நினைத்திருந்த என் அம்மா, சொல்லித்தராமலே அதைப் படித்தாள்.

அன்றே டிரங்கில் மிச்சம் இருந்ததை மருமகளிடம் கேட்டு வாங்கினேன். கொடுத்துவிட்டதை மீட்க வீடு வீடாகப் போனேன். டவுனில் புது நாடா உருண்டை ஒன்று வாங்கி, அதைக் கொடுத்து இதை வாங்கினேன்.

“காலேஜு படிச்ச புள்ள பாவாட நாடாவ உருவ வந்திருக்குடி” என்று ஒரு அத்தை சத்தம் போட்டுச் சொல்ல, தெருவே சிரித்தது. “இப்ப கட்டியிருக்கிறத அவுத்துத் தரணுமா, துவைச்சுத் தந்தாப் போதுமா?”

சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். நாடாவின் ஓரத்தைப் பார்த்து, இது இன்னாருடையது என்று அவர்களே சொன்னார்கள். கோழி என்றால் முட்டை விற்கும் பெரியம்மா. சாவி என்றால் பள்ளிக்கூடம் திறக்கும் சித்தி. பச்சை கர்ப்பமா, குறுக்கே போகும் கறுப்பு தங்காததா என்று நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். நான்கும் சரியாக இருந்தது.

சிவப்பு நூல்தான் புரியவில்லை. சில நாடாக்களில் மட்டும் இருந்தது, அதுவும் கை நீளத்துக்கான நீல முடிச்சின் பக்கத்தில். அந்த நாடாக்களில் நீல முடிச்சும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை அப்படியே இருக்க, முடிச்சு கீழே கீழே இறங்கியிருந்தது. கிணற்றடி வீட்டுப் பெரியம்மாவின் நாடாவில் மட்டும், இறங்கி வந்த முடிச்சு கடைசியில் மறுபடி மேலே ஏறியிருந்தது. அதன்பின் சிவப்பு இல்லை.

பெரியம்மாவிடம் அதைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அடிப்பாவி, இதையுமா தைச்சு வச்சா?”

“இது என்ன பெரியம்மா?”

அவர் தன் சின்னக் கை ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். “ஒங்க பெரியப்பா செத்தப்புறம்தான் இந்தக் கை போட்டேன். அதுக்கு முந்தி எந்தக் கோடையிலயும் முழுக்கைதான். எதுக்குன்னு நீயே தெரிஞ்சுக்க. படிச்ச புள்ளதான.”

தெரிந்துகொண்டேன். சிவப்பு, திரைக்குப் பின்னால் அத்தை கையில் பார்த்த காயம். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தேன். நான் தேடிய நாடா அடியில் இருந்தது. ஓரத்தில் கனகாம்பர நிறத்தில் ஒரு பூ.

கையின் நீல முடிச்சு மூன்று இடங்களில் பிரிக்கப்பட்டிருந்தது. சிவப்புத் தையல்களை எண்ணினேன். எத்தனை என்று இங்கே எழுத மாட்டேன். அம்மா வீட்டுக்கு அக்கா வந்தது இரண்டு முறை. மிஷின் அத்தை வீட்டுக்கு அதைவிடப் பல மடங்கு வந்திருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தத் திரைக்குப் பின்னால் நின்று, எங்கள் தெருவுக்குள் நுழையாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருக்கிறாள். தெருவுக்குள் வந்தால் நாங்கள் பார்த்துவிடுவோம்.

சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் பெட்டியைத் திறந்து, பதினாறாம் நாள் வந்த மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்தாள். நாடாவைக் கையின் மேல் வைத்து இழுத்துப் பிடித்தாள். கடைசி நீல முடிச்சும் ஜாக்கெட்டுக் கையின் விளிம்பும் ஒரே இடத்தில் நின்றன. மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே.

“ஃபேஷன்னு நெனச்சேனே” என்றாள்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. “அவங்களுக்குத் தெரியும்மா. ஒவ்வொரு தடவையும் பாத்திருக்காங்க. பாத்துப் பாத்துத் தைச்சு வச்சிருக்காங்க. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

அம்மா ஜாக்கெட்டை மடித்தாள். மடிப்பு சரியாக வராமல் மறுபடி மடித்தாள்.

“சொல்லியிருந்தா நான் என்னடி பண்ணியிருப்பேன்? அனுசரிச்சுப் போன்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு கொழந்த பொறந்தா சரியாயிரும்னு சொல்லியிருப்பேன். அது ஒங்கக்காவுக்குத் தெரியும். அதான் எங்கிட்ட வரல.”

மிஷின் அத்தையை அன்றிலிருந்து என்னால் ஒரே விதமாக நினைக்க முடியவில்லை. டீக்கடையில் ஒரு நோட்டு படிக்கப்பட்டதற்காகத் தன் வாயைத் தானே ஊசியால் அடைத்துக்கொண்டவர். ஊர்ப் பெண்களின் மானத்தை முப்பது வருடம் காத்தவர். அக்கா அழுவதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அவர் கட்டியிருந்த அந்தப் பழைய சேலைத் திரைதான். ஆனால், கை இன்னும் இரண்டு விரல் இறக்கிக் கேட்டபோதெல்லாம் இறக்கிக் கொடுத்தவரும் அவர்தான். மறைக்கக் கேட்டதை மறைத்துத் தைத்துவிட்டு, மறைத்தேன் என்று நாடாவில் குறித்தும் வைத்தார். யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். யாரும் தொடாததால்தான் அக்கா போனாள்.

அவர் ஏன் தைத்து வைத்தார்? பாரம் தாங்காமலா? என்றைக்காவது எவளாவது படிப்பாள் என்றா? பதினாறாம் நாளில் ஊசியை எடுத்தவருக்கு என் வயதில் ஒரு துணை பக்கத்தில் நின்றிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊரில் யாருக்கு எது வந்தாலும் படித்துச் சொல்கிறவளுக்கு, சொந்த அக்காவின் கையைப் படிக்கத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் கல்லூரியில் தலைப்புச் சொல்லப் போனேன். மடியில் இருந்த பையில் அக்காவின் நாடாவும் இருந்தது. பேராசிரியர் கேட்டதும் பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன். இதை மேசையில் பரப்பினால் நானும் அந்த டீக்கடையைத்தான் கூட்டுகிறேன் என்று பட்டது. “யோசிச்சுச் சொல்றேங்க சார்” என்றேன். “யோசிம்மா. ஒனக்குத் திறமை இருக்கு, வேற ஏதாச்சும் லேசான தலைப்பு எடு” என்றார்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அவர் கேள்வி கூடவே வந்தது. படிக்க ஆள் இல்லாதது எழுத்தா? அவர் கேட்டது சரிதான் என்றுகூடத் தோன்றியது. கட்டுக்குள் இருந்த, சிவப்பு போட்ட நாடாக்களில் பெரும்பாலானவை நூல் வெளுத்தவை. சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் பெரியம்மாவைப் போலத் தப்பிவிட்டார்கள். ஒன்று மட்டும் வெளுக்கவில்லை.

அதன் ஓரத்தில் இரண்டு சின்ன வட்டங்கள், வண்டிச் சக்கரம் போல. அது உண்மையான அடையாளம் இல்லை. யாரும் கண்டுபிடித்துவிடாதபடி, நாடாவுக்கு உரியவளைக் கேட்டுத்தான் மாற்றி எழுதுகிறேன். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த புதிதில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போனவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலமாக அந்த ஸ்கூட்டியை அவள் புருஷன்தான் ஓட்டுகிறான். அவளைக் கடைத்தெருவில்கூடப் பார்க்க முடிவதில்லை. நாடாவில் கையின் முடிச்சு இரண்டு முறை இறங்கியிருந்தது. சிவப்பு, நேற்றுத் தைத்தது போல இருந்தது. அத்தை படுக்கையில் விழுவதற்கு முன் கடைசியாகத் தைத்தவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் கல்லூரிக்கு ஒருமுறை பேச வந்திருந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போனில் கேட்டேன். “அவளத் தனியாப் பாருங்க. நாடாவ யாருகிட்டயும் காட்டாதீங்க. அவ என்ன கேக்குறாளோ அத மட்டும் செய்யுங்க. ஒண்ணும் கேக்கலேன்னா, கேக்கும்போது வர ஆள் இருக்குன்னு சொல்லிட்டு வாங்க” என்றார்.

மிஷின் அத்தையின் மருமகளிடம் போய், தைக்கக் கொடுத்து வெட்டாமலே கிடந்த துணிகளைக் கேட்டேன். ஆறேழு இருந்தன. அந்த ஸ்கூட்டிப் பெண்ணுடைய துணி மாம்பழ நிறத்தில், கடைப்பை பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். ஆய்வேட்டில் நாடாக்களின் அளவு முடிச்சைப் பற்றி எழுதுவேன். பச்சையையும் கறுப்பையும் பற்றி, சம்மதம் சொன்னவர்களுடையதை மட்டும் எழுதுவேன். சிவப்பு ஆய்வேட்டுக்கு உரியதல்ல.

அந்தப் பெண்ணின் மாமியார் ரேஷனுக்குப் போகும் நாளாகப் பார்த்து, காலை பதினோரு மணிக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது அம்மாவும் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றாள். எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தாள்.

“நீ எங்கம்மா?”

“ஒங்கூடத்தான். ஒரு எடத்துக்குப் போகாம இருந்தது போதும்.”

இரண்டு பேரும் நடந்தோம். அந்த வீட்டு வாசலில் கோலம் இல்லை. மணியை அழுத்தினேன். உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம், அப்புறம் கொலுசு. கதவு பாதி திறந்தது. அந்த வேக்காட்டில் அவள் மணிக்கட்டு வரை கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள்.

“மிஷின் அத்தைகிட்டக் குடுத்த ஒங்க துணி” என்று நீட்டினேன்.

“அவுகதான் இல்லையே” என்று வாங்கிக்கொண்டு, எங்களைத் தாண்டித் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். கதவைச் சாத்தப்போனாள்.

“ஒன்னு சொல்லணும்” என்றேன்.

சொன்னேன்.